ஓடைக் கல்லைப் பிடித்து வாழும் தேரை

சுற்றாடல் பாடம்

தவளை, தேரை என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். லயத்து வாசலுக்கு வந்தால் விளக்குமாற்றால் தள்ளிவிடுவோம். “தேரையைப் பத்தி எழுதுறீங்களே, வேற விசயமே கிடைக்கலையா?” என்று சிலர் கேட்கவும் கூடும். ஆனால் இம்முறை நாம் சொல்லப்போகும் தேரையின் கதை, நமது பீலியில் விழும் தண்ணீரின் கதையும்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

தண்ணியிலும் தரையிலும்

தண்ணீரில் பிறந்து வளர்ந்து, பிறகு தரைக்கு வரும் உயிரினங்களை ஈரூடகவாழிகள் என்று பாடப் புத்தகத்தில் சொல்கிறார்கள். இவற்றில் மூன்று கூட்டங்கள் உண்டு.

முதலாவது, வளர்ந்தபின் வால் இல்லாத கூட்டம். தவளையும் தேரையும் இதைச் சேர்ந்தவை. இரண்டாவது, வளர்ந்தபின்னும் வால் உள்ள கூட்டம். சலமந்தர் என்று பெயர். பார்வைக்குப் பல்லி போலிருக்கும், ஆனால் உடம்பில் செதிள் இருக்காது. சீனா, ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளின் மலை ஓடைகளில் வாழ்கிறது. இலங்கையில் சலமந்தர் கிடையாது. மூன்றாவது, காலே இல்லாத கூட்டம். ஈர மண்ணைக் கிளறும்போது, பெரிய மண்புழு மாதிரி வழவழவென்று ஒன்று நெளிவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். பாம்புக்குட்டி என்று பயந்து வெட்டிப் போடுவோம். அது பாம்பில்லை, விஷமும் ஏற்றாது. காலில்லாத ஈரூடகவாழிதான். அதை அப்படியே மண்ணில் விட்டுவிடுவது நல்லது.

பிற நாட்டு மலை ஓடைகளில் சலமந்தர் வாழும் இடத்தை, நமது மலையக ஓடைகளில் தவளைகளும் தேரைகளும் பிடித்திருக்கின்றன. இலங்கையில் 110க்கு மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை வேறு எந்த நாட்டிலும் இல்லை. இங்கே அழிந்தால் உலகத்திலேயே அழிந்த மாதிரிதான்.

தேரை விழுந்தது என்பார்களே?

பிள்ளை மெலிந்து, கை கால் சூம்பிப் போனால் “தேரை விழுந்திடுச்சு” என்று சொல்லும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. பெரியவர்கள் சொன்னதை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் தேரைக்கும் பிள்ளை மெலிவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிள்ளை மெலிவது சத்துக் குறைவாலும், பூச்சித் தொல்லையாலும், அடிக்கடி வரும் வயிற்றோட்டத்தாலும்தான். தேரைக்குப் பரிகாரம் தேடி நாளைக் கடத்தாமல், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் நிறை பார்க்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்ட வேண்டும்.

தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள மேட்டிலிருந்து பால் போல ஒன்று வரும். தன்னைக் கடிக்க வரும் பிராணிகளுக்கு அது கசப்பும் எரிச்சலும் தரும். நாய் கவ்வினால் நுரை தள்ளுவது இதனால்தான். தேரையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். மற்றபடி அது நமக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. இரவெல்லாம் எறும்பையும் பூச்சியையும் தின்று நமக்கு நன்மைதான் செய்கிறது.

லயத்துத் தேரை வேறு, ஓடைத் தேரை வேறு

லயத்து வெளிச்சத்துக்குப் பூச்சி பிடிக்க வரும் பெரிய தேரையை எல்லாருக்கும் தெரியும். அது எங்கும் பிழைத்துக்கொள்ளும். தேங்கிய குட்டையிலும் கானிலும்கூட முட்டையிடும். அது அழியும் நிலையில் இல்லை.

நாம் சொல்ல வந்தது அதன் சொந்தக்காரனான ஓடைத் தேரையை. விஞ்ஞானிகள் இதன் பேரினத்துக்கு அடெனோமஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இது இல்லை. இன்றைய கணக்கின்படி இதில் இரண்டே இனங்கள் உள்ளன. ஒன்று கெலார்ட் தேரை. இலங்கையில் பிறந்து, இந்த நாட்டின் உயிரினங்களைப் பற்றி எழுதிய டாக்டர் கெலார்ட் என்பவரின் பெயர் அதற்கு. மற்றது கண்டித் தேரை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தச் சின்னத் தேரையைத்தான் ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக அரிய தேரை என்றார்கள்.

கல்லை விடாத குஞ்சு

தவளை, தேரையின் குஞ்சை வாற்பேத்தை என்கிறோம். சில தோட்டங்களில் தலைப்பிரட்டை என்பார்கள். முட்டையிலிருந்து வரும்போது அதற்குக் கால் இல்லை. மீன் போல வாலும் பூவும் உண்டு. பிறகு பின்னங்கால், அடுத்து முன்னங்கால் முளைக்கும். வால் சுருங்கி மறையும். பூ போய் நுரையீரல் வரும். அதன்பிறகுதான் தரை ஏறும்.

லயத்துத் தேரையின் வாற்பேத்தை குட்டையில் கூட்டம் கூட்டமாக மிதந்து திரியும். ஓடைத் தேரையின் வாற்பேத்தையை அப்படிக் குட்டையில் விட்டால் பிழைக்காது. அது இழுத்துக்கொண்டு ஓடும் தண்ணீருக்கென்றே அமைந்தது. தலைக்கு அடியில் அகலமான வாய். அந்த வாயால் கல்லை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தாலும் பிடியை விடாது. பிடித்தபடியே கல்லில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். அதற்குச் சோறும் வீடும் அந்தக் கல்தான்.

இப்படிச் சிரமப்பட்டு ஏன் அங்கே வாழ வேண்டும்? காரணம் இருக்கிறது. குட்டை வெயிலுக்கு வற்றிப்போகும், நல்ல ஓடை வற்றாது. குளிர்ந்து ஓடும் தண்ணீரில் ஒட்சிசன் நிறைய இருக்கும். இழுப்பில் பிடிக்க வரும் எதிரிகளும் குறைவு. ஆனால் இந்த வாழ்க்கைக்கு ஒரு விலை உண்டு. கல் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மேலே மர நிழல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

வளர்ந்த தேரைக்கும் அப்படித்தான். ஈரூடகவாழிகள் தோலாலும் சுவாசிக்கின்றன, தோலாலேயே தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் வாயால் குடிக்கிறோம், அது உடம்பு முழுக்கக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அது நேரே அதன் உடம்புக்குள் போய்விடும்.

செத்துப்போனதாக எழுதப்பட்டது

இனி கண்டித் தேரையின் கதைக்கு வருவோம். லண்டன் நூதனசாலையில் பணியாற்றிய குந்தர் என்ற விஞ்ஞானி, இலங்கையிலிருந்து கிடைத்த தேரைகளை வைத்து 1872ஆம் ஆண்டு இந்த இனத்தைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு 1876 அளவில் ஒரு குறிப்பு உண்டு. அத்தோடு சரி. நூறு வருசத்துக்கு மேல் அந்தப் பெயரில் ஒரு தேரையும் யார் கண்ணிலும் படவில்லை.

2004ஆம் ஆண்டு உலகமெங்கும் உள்ள ஈரூடகவாழிகளைப் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு வெளிவந்தது. அதில் கண்டித் தேரை அழிந்துவிட்டது என்று எழுதினார்கள். அது மட்டுமல்ல. உலகத்தில் அழிந்துபோனதாக அந்தக் கணக்கில் காட்டப்பட்ட ஈரூடகவாழிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்தச் சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்தவை.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. 2009ஆம் ஆண்டு, மெண்டிஸ் விக்ரமசிங்க என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் சிவனொளிபாத மலை வனத்தில் ஓர் ஓடையில் சில தேரைகளைக் கண்டார்கள். பழைய விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது கண்டித் தேரைதான் என்று 2012இல் அறிவித்தார்கள். செத்துப்போனதாக எழுதப்பட்டது நம்ம மலையிலேயே உயிரோடு இருந்திருக்கிறது!

கதை இன்னும் முடியவில்லை. 1998இல் கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஓடைத் தேரைக்குப் புது இனம் என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். 2015இல் மாதவ மீகஸ்கும்புர என்பவரும் அவரோடு சேர்ந்த பலரும் இந்தத் தேரைகளை எல்லாம் மறுபடி ஆராய்ந்தார்கள். எலும்பு, தோல், சத்தம், வாற்பேத்தை, பரம்பரை அலகு எல்லாவற்றையும் பார்த்தார்கள். 1998இல் பெயர் வைத்த தேரையும் கண்டித் தேரையும் ஒன்றே என்று கண்டார்கள். அந்த ஆய்வில் 1998இல் பெயர் வைத்த ஆய்வாளர்கள் இருவரும் சேர்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, அழிந்தது என்று உலகம் எழுதிய நேரத்தில் அந்தத் தேரை வேறு பெயரோடு புத்தகத்திலேயே இருந்திருக்கிறது.

இதே வனத்தில் வேறு சிலவும் திரும்பக் கிடைத்தன. 1853இல் டாக்டர் கெலார்ட் எழுதிவைத்த நட்சத்திரப் புள்ளித் தவளை அவற்றில் ஒன்று. அது உயிரோடு இருக்கிறது என்று 2013இல் வெளியான ஆய்வு சொன்னது.

“அப்ப பயமில்லைதானே, எல்லாம் திரும்பி வந்திடும்” என்று நினைக்கக் கூடாது. திரும்பி வந்தவை சில. தேடியும் கிடைக்காதவைதான் அதிகம். கண்டித் தேரைகூட மலையகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான் வாழ்கிறது. அந்த ஓடைகள் கெட்டால், இந்த முறை உண்மையாகவே போய்விடும்.

காடு போனது எப்படி?

குந்தர் தேரையைப் பற்றி எழுதிய 1872ஆம் ஆண்டை நாம் கவனிக்க வேண்டும். மலைநாடு முழுக்கக் கோப்பி பரவியிருந்த காலம் அது. தென்னிந்தியாவிலிருந்து நமது பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து, காட்டு வழியே கால்நடையாக வந்த காலமும் அதுதான். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பி செத்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. மலையின் உச்சி தொடக்கம் ஓடைக்கரை வரை காடு விழுந்தது.

கோடரி பிடித்தது நம்மவர்களின் கைதான். ஆனால் எந்தக் காட்டை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்தது அவர்கள் அல்ல. அன்றாடக் கூலிக்கு வேலை செய்தவர்கள் அவர்கள். ஆகவே பழியை நம் முன்னோர் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மிச்சம் இருக்கும் காட்டுக்கும் ஓடைக்கும் மிக அருகில் குடியிருப்பவர்கள் இன்றைக்கும் நாம்தான் என்பதை மறக்கவும் கூடாது.

சிவனொளிபாத மலை வனம் 2010இல், ஹோர்ட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அந்த வனத்தின் விளிம்பிலேயே தேயிலை மலைகள் தொடங்குகின்றன. மஸ்கெலியாப் பக்கமாக மலையேறும் இடத்துக்கு நல்லதண்ணி என்று பெயர். அந்தப் பெயரிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் மஸ்கெலியா ஓயாவில் சேர்ந்து, மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குப் போய், கடைசியில் களனி கங்கையாகிறது. கொழும்பு மக்கள் குடிப்பது களனித் தண்ணீரை. தேரையும் நாமும் கொழும்பு நகரமும் ஒரே தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். அதில் நாம் மேல்பக்கத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

ஓடையைக் கெடுப்பவை

மண்: ஓடைக்கரையில் மரமும் புதரும் இல்லாவிட்டால், ஒரு பெருமழைக்கு மண் கரைந்து இறங்கும். தண்ணீர் செம்மண் நிறமாகும். மழை விட்டபின் அந்தச் சேறு கல்லில் படியும். பாசி மூடிப்போகும். வாற்பேத்தைக்குப் பிடிக்க இடமும் இல்லை, தின்னச் சாப்பாடும் இல்லை. அதே சேறுதான் நமது தண்ணித் தாங்கியிலும் குழாயிலும் அடைக்கிறது.

வெயில்: நிழல் போனால் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும்.

மருந்து: புல்லுக்கு அடிக்கும் மருந்து இலையில் ஒட்டுவதற்காக, சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சில மருந்துகளில் கலக்கிறார்கள். அந்தப் பொருளே வாற்பேத்தைகளைக் கொல்லக்கூடியது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கிளைபோசேட் மருந்து 2015இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. மருந்தின் பெயர் மாறும், சட்டமும் மாறும். எந்த மருந்தானாலும் ஓடைக்கரையில் அடிக்கக் கூடாது, ஓடையில் டேங்கி கழுவக் கூடாது என்ற பழக்கம் மாறக் கூடாது.

குப்பை: ஷொப்பிங் பேக், பழைய பட்டரி, பிள்ளைகளின் பம்பர்ஸ், மருந்துப் போத்தல் எல்லாம் ஓடைக்குள் போகின்றன. மார்கழி தொடக்கம் வைகாசி வரை மலையேறும் காலத்தில் வெளியூர்க்காரர் போடும் குப்பையும் சேர்கிறது.

தண்ணீரைத் திருப்புதல்: சின்ன மின் நிலையங்களுக்காக ஓடையைக் குழாயில் திருப்பும்போது, நடுவில் உள்ள கல்லும் பாறையும் காய்ந்துபோகும். அந்தத் துண்டில் வாழ்ந்த உயிர்கள் தப்ப வழியில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. மருந்து அடிக்கும் அண்ணன்மார் ஓடையிலும் பீலியிலும் டேங்கி கழுவ வேண்டாம். மருந்து கலப்பதையும் தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கழுவுவதற்குத் தனி இடம் இல்லாவிட்டால் அது உங்கள் குற்றமல்ல. அந்த இடத்தை அமைத்துத் தரும்படி தலைவர் மூலமாகவும் நலன்புரி உத்தியோகத்தர் மூலமாகவும் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். இது தேரைக்காக மட்டும் கேட்பதல்ல, மருந்து தூக்குபவரின் உடம்புக்காகவும் கேட்பது.

2. ஓடைக்கு இரண்டு பக்கமும் உள்ள மரம், செடி, மூங்கில், புல் எதையும் வெட்டாமல் விடுங்கள். விறகுக்கு வேறு இடம் பாருங்கள். வெறுமையாகிப்போன கரையில் அந்தந்த மலையிலேயே முளைக்கும் கன்றுகளை நட்டுவிடலாம். சிரமதானம் வைக்கும் நாளில் இதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. மரக்கறித் தோட்டம் போடுபவர்கள் ஓடையின் ஓரம் வரை மண்ணைக் கொத்த வேண்டாம். ஓரத்தில் புல் இருந்தால் உங்கள் உரமும் மண்ணும் உங்கள் பாத்தியிலேயே நிற்கும்.

4. ஓடையில் மருந்தோ பிளீச்சிங் பவுடரோ போட்டு மீன் பிடிப்பதை யாரும் செய்ய வேண்டாம். பத்து மீனுக்காக ஓடை முழுவதையும் சாகடிக்கும் வேலை அது.

5. மலசலகூடக் குழியை ஓடைக்குப் பக்கத்தில் வெட்டக் கூடாது. துணி துவைத்த சவர்க்காரத் தண்ணீர் நேரே ஓடைக்குப் போகாமல் மண்ணில் ஊறிப்போகும்படி சின்னக் கான் ஒன்று போடலாம்.

6. பிள்ளைகள் வாற்பேத்தையைப் போத்தலில் பிடித்து வைக்க வேண்டாம். ஓடைத் தேரையின் வாற்பேத்தை போத்தலில் சீக்கிரமே செத்துவிடும். பார்க்க ஆசையா? கல்லை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், பார்த்துவிட்டு அது இருந்த மாதிரியே திரும்ப வையுங்கள். பெரியவர் இல்லாமல் ஓடைக்குப் போகாதீர்கள். மழை நேரம் கிட்டவே போகக் கூடாது.

ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாற்பேத்தை வாழும் ஓடை நல்ல ஓடை என்பது சரி. அதற்காக அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. வயிற்றோட்டம், செங்கமாரி, நெருப்புக் காய்ச்சல் இவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் கண்ணாடி போன்ற தண்ணீரிலும் இருக்கும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். தேரை நமக்குச் சொல்வது வேறு விசயம். மண், வெயில், மருந்து இந்த மூன்றும் இன்னும் ஓடையைக் கெடுக்கவில்லை என்று சொல்கிறது. போன வருசம் வாற்பேத்தை இருந்த கல்லில் இந்த வருசம் ஒன்றுமே இல்லை என்றால், மேலே ஏதோ நடந்திருக்கிறது என்று நாம் விசாரிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நோய் வந்தபிறகு விசாரிப்பதைவிட அது நல்லதுதானே?

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

விடைகள் இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன. குடும்பத்தோடு சேர்ந்து தேடுங்கள்.

1. ஈரூடகவாழிகளின் மூன்று கூட்டங்கள் எவை? இலங்கையில் இல்லாதது எது?

2. ஓடைத் தேரையின் வாற்பேத்தை வெள்ளத்தில் அடித்துப் போகாமல் இருப்பது எப்படி?

3. கண்டித் தேரை அழிந்துவிட்டதாக எந்த ஆண்டில் எழுதினார்கள்? எந்த ஆண்டில் திரும்பக் கண்டார்கள்?

4. ஓடைக்கரை மரங்களை வெட்டினால் வாற்பேத்தையின் சாப்பாடு ஏன் இல்லாமல் போகிறது?

5. உங்கள் பீலிக்குத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது? அந்த ஓடைக்கு மேலே என்ன இருக்கிறது: காடா, தேயிலையா, மரக்கறித் தோட்டமா?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் விடை இந்தப் பக்கத்தில் இல்லை. வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். முன்பு அந்த ஓடை எப்படி இருந்தது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். ஓடையைக் காப்பாற்றுகிற வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.